பிளக்கை வாங்கும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

மாணவர்களே, 1985இல் அறிமுகமான புரோட்டோன் சாகா போன்ற பழைய கார் திக்கித் திணறினால், பிளக், கம்பி, காயில் என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அது சூதாட்டமாகவே படுகிறது. கோளாறு நீங்கினாலும் காரணம் தெரியாது. பணம் போனது மட்டும் தெரியும்.

நான்கு சிலிண்டர்களில் எது சரியாக எரியவில்லை என்று பட்டறைக்காரரிடம் கேளுங்கள். இயந்திரம் ஆறியதும் அதன் பிளக்கை அடுத்த சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றச் சொல்லுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி பிளக்தான். நகராவிட்டால் அடுத்து கம்பியைச் சோதிக்கலாம். ஒரு தடவைக்கு ஒரே மாறி. தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்ததுதானே!

கழற்றிய பிளக்கின் நுனியையும் பாருங்கள். எண்ணெய் ஒட்டியிருந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். புதுப் பிளக் அதைத் தீர்க்காது.