ஈஜிபுராவின் முதல் வீடியோ கேம் நினைவு எந்த மொழியில் இருக்கிறது?

‘நீங்கள் முதன்முதலில் விளையாடிய வீடியோ கேம் எது?’ என்னும் கேள்வி எளிதானதாகவே தோன்றுகிறது. இணையப் படிவங்களிலும் மாணவர் ஆய்வேடுகளிலும் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்கப்படுகிறது. விடையும் ஆங்கிலத்திலேயே வருகிறது: ஒரு விளையாட்டின் பெயர், ஒரு கருவியின் பெயர், ஓர் ஆண்டு. பெங்களூரின் ஈஜிபுரா போன்ற பகுதியில் வளர்ந்தவர்களிடம் இக்கேள்வியை இவ்வடிவில் கேட்டால் மூன்று விடைகளுமே தடுமாறும். அத்தடுமாற்றத்தை நினைவாற்றலின் குறையாக எண்ணிக் கடந்துவிடுவது ஆய்வுலகின் வழக்கம். உண்மையில் குறை கேள்வியில் இருக்கிறது.

முதலில் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். நின்டென்டோவின் ஃபாமிகாம் கருவி ஜப்பானில் வெளிவந்தது 1983 ஜூலையில். ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985-இல் வந்தது; ‘கான்ட்ரா’ வீட்டுக் கருவிக்கு 1988-இல் வந்தது. ஜப்பானியரோ அமெரிக்கரோ ‘மாரியோவைப் புதிதாக வாங்கி விளையாடினேன்’ என்றால் அந்நினைவுக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டைக் குறித்துவிட முடியும். இந்தியாவின் உழைப்பாளர் குடியிருப்புகளுக்கு அவ்விளையாட்டுகள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் ஃபாமிகாமின் நகல் கருவிகள் வழியாக. ‘9999 இன் 1’ என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டுகள் 2000-க்குப் பிறகும் கடைத்தெருவில் விற்பனையாயின. ஆகவே 1985-ஆம் ஆண்டு விளையாட்டு 2003-இல் பிறந்த குழந்தைக்கும் முதல் விளையாட்டாக இருந்திருக்கலாம். உலக வீடியோ கேம் வரலாற்றின் காலவரிசையைக் கொண்டு ஈஜிபுராவின் நினைவை அளப்பது, பஞ்சாங்கத்தைப் பார்த்து ரயில் நேரம் சொல்வதற்கு ஒப்பாகும்.

அடுத்தது பெயர். கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்னும் விளையாட்டு, நாணயம் போட்டு ஆடும் பெட்டிகளின் வழியே இந்திய நகரங்கள் பலவற்றில் பரவியது. அதை அப்பெயரால் அறிந்த சிறுவர் மிகச் சிலர். அதில் வரும் நான்கு நாயகர்களுள் ஒருவன் முஸ்தபா. அவன் பெயரே விளையாட்டின் பெயராயிற்று. நாம்கோ நிறுவனத்தின் ‘பேட்டில் சிட்டி’யும் அவ்வாறே வெறும் ‘டாங்க்’ ஆனது. படிவத்தின் பட்டியலில் மூலப் பெயரை மட்டும் தந்துவிட்டு ‘இவற்றுள் எதை விளையாடியுள்ளீர்கள்?’ என்று கேட்டால், முஸ்தபாவை நூறு முறை ஆடியவரும் ‘எதையுமில்லை’ என்று குறியிடக்கூடும். தரவு அங்கேயே காணாமற்போகிறது.

பெயர்ச் சிக்கலைப் பட்டியலைத் திருத்தித் தீர்த்துவிடலாம். மொழிச் சிக்கல் அதனினும் ஆழமானது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்ரியல் சிம்காக், ஹார்லீன் ஹெய்ன் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. இரண்டேகால் முதல் மூன்றேகால் வயது வரையிலான குழந்தைகள், பெரிய பொம்மையை உள்ளே போட்டால் சிறிய பொம்மையாக வெளித்தள்ளும் ‘மாய இயந்திரம்’ ஒன்றோடு விளையாடினர். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துக் கேட்டபோது, அதற்குள் அவர்களுடைய சொல்வளம் பெருகியிருந்தும், விளையாடிய நாளில் தமக்குத் தெரிந்திருந்த சொற்களைக் கொண்டே அவர்கள் அந்நிகழ்வைச் சொன்னார்கள். படங்களை அடையாளம் காட்டுவதிலும் செயலைத் திரும்பச் செய்துகாட்டுவதிலும் வெளிப்பட்ட நினைவு, சொல்லில் வெளிப்பட்டதைவிட வளமாக இருந்தது. வியோரிகா மரியன், உல்ரிக் நைசர் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இருமொழியாளரைப் பற்றியது. ரஷ்ய மொழியில் பேட்டி கண்டபோது ரஷ்ய மொழிச் சூழலில் நடந்தவையும், ஆங்கிலத்தில் பேட்டி கண்டபோது ஆங்கிலச் சூழலில் நடந்தவையும் மிகுதியாக நினைவுக்கு வந்தன.

இவ்விரு முடிவுகளையும் ஈஜிபுராவில் பொருத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தக்கினி உருதுவும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைக்கு, ஐந்து வயதில் ஆடிய ஆட்டம் எந்த மொழியில் பதிந்திருக்கும்? திரையில் ஓடிய எழுத்துகள் ஆங்கிலமாக இருந்தாலும் ஆட்டத்தைச் சுற்றி நடந்த பேச்சு ஆங்கிலமன்று. அப்பேச்சில் ‘லைஃப்’ என்பது எண்ணத்தக்க பொருள்: அது மூன்று இருக்கும், ஒன்று போகும், கடன் கேட்கலாம். ‘சான்ஸ்’ என்பது முறை. ‘செத்துட்டேன்’ என்பது தன்மை ஒருமை இறந்தகால வினைமுற்று. மிகைக்கூற்றாக அன்றி நேர்ப்பொருளில் அவ்வினையை அவ்விடத்தில் சொல்வதற்கு வேறு சூழல் மனித வாழ்வில் இல்லை. ஆடத் தெரியாத தம்பியின் கையில் இணைப்பில்லாத கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுத்து அமர்த்தும் வழக்கம் உலகெங்கும் உண்டு. தமிழில் அதற்கு ‘உப்புக்குச் சப்பாணி’ என்னும் சொல் வீடியோ கேமுக்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. இச்சொற்களைத் தொடாத கேள்வி, இச்சொற்களில் பதிந்த நினைவையும் தொடாது.

‘விளையாடிய’ என்ற வினையும் ஆய்வுக்குரியது. மணிக்கணக்கில் வாடகை வாங்கிய கடைகளில் ஒருவர் ஆட, ஐவர் பின்னால் நின்று பார்த்தனர். பலருடைய முதல் நினைவு பார்த்த நினைவே; சிறுமியர் பலருக்கு அது அண்ணன் ஆடியதைப் பார்த்ததோடு முடிந்தும் போயிருக்கலாம். ‘விளையாடியது எது?’ என்று கேட்கும் படிவம், கருவியைச் சொந்தமாக வைத்திருந்தோரையும் காசு கொடுக்க முடிந்தோரையும் மட்டுமே வரலாற்றுக்குள் அனுமதிக்கிறது.

முதல் நினைவுகளை நம்பலாமா என்னும் எதிர்வாதம் நியாயமானது. 2018-இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 6,641 பேர் பங்கேற்றனர், அவர்களுள் 38.6 விழுக்காட்டினர் இரண்டு வயதிலோ அதற்கு முன்னரோ நிகழ்ந்ததைத் தம் முதல் நினைவாகக் குறிப்பிட்டனர். அவ்வயதில் அத்தகைய நினைவு நிலைப்பது அரிது என்பதால் அவற்றைப் புனைவு நினைவுகள் என்றே ஆய்வாளர்கள் கருதினர். ஆயினும் இவ்வாதம் நினைவுகளைக் கைவிடச் சொல்லவில்லை; அவற்றைச் சரிபார்க்கும் வழியைத் தேடச் சொல்கிறது. அவ்வழி பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரிடம் இருக்கிறது. ஒரே கடையில் நின்ற ஐவர் சேர்ந்து பேசும்போது ஒருவரின் மிகையை மற்றவர் திருத்துவர்.

ஈஜிபுராவில் அந்த அக்கம்பக்கமே கலைக்கப்பட்டது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்காகக் கட்டப்பட்ட, 1,500-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட குவார்ட்டர்ஸ் பாழடைந்து, குடியிருந்தோர் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தனர். 2013 ஜனவரியில் அக்கொட்டகைகளும் இடிக்கப்பட்டன. தமிழ் பேசுவோர் பலர் உட்பட அங்கிருந்த குடும்பங்கள் வெவ்வேறு திசைகளில் சிதறின. அன்று ஏழு, எட்டு வயதாயிருந்த பிள்ளைகள் இன்று வளர்ந்தவர்கள். அவர்களுடைய நினைவைத் திருத்தவும் உறுதிப்படுத்தவும் வல்ல அண்டைவீட்டார் இப்போது அண்டையில் இல்லை. நினைவு ஆய்வுக்கு இதனினும் பெரிய சேதம் இருக்க முடியாது. காலம் தாழ்த்துந்தோறும் அச்சேதம் பெருகும்.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. பேட்டி, அத்தெருவின் கலப்பு மொழியில் நடக்க வேண்டும். பெயர்த்தெழுதும்போதும் ‘லைஃப்’ என்பதை ‘உயிர்’ என்று திருத்தாமல் விட வேண்டும். கையில் பழைய கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சொல் மறந்ததை விரல் நினைவில் வைத்திருக்கலாம். வாத்து சுடும் துப்பாக்கி பழைய குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே இயங்கும் என்பதால் அத்தொலைக்காட்சியும் ஆய்வுக்கருவியே. இயன்றவரை தனியாளை விடுத்துக் குழுவாகக் கேட்க வேண்டும். ஆண்டைக் கேட்காமல் நகரம் அறிந்த நிகழ்வைக் கேட்க வேண்டும்: ராஜ்குமார் வீரப்பனின் பிடியிலிருந்த 2000-ஆம் ஆண்டின் அந்த 108 நாட்களுக்கு முன்பா, பின்பா? அவர் மறைந்து நகரமே அடைபட்ட 2006 ஏப்ரலில் கடை இருந்ததா? தமிழ்ப் பிள்ளைகளை வெளியே விடாத நாட்கள் எவை என்பதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

மொழியியல் துறைகள் அருகிவரும் மொழிகளைப் பதிவுசெய்வதில் காட்டும் அக்கறை பாராட்டத்தக்கது. ஒரு வாடகைக் கடையின் பேச்சும் ஒரு மொழிவழக்கே. அதைப் பேசியோர் உயிரோடு இருக்கும்போதே அது மறைந்துகொண்டிருக்கிறது. பெங்களூரின் மொழியியல், சமூகவியல் மாணவர்கள் அடுத்த கள ஆய்வுக்குத் தொலைவிலுள்ள ஊரைத் தேடுமுன் ஈஜிபுராவுக்கு ஒரு பேருந்துச் சீட்டு எடுக்கலாம்.