சராசரி வயது 17

எட்வின் சாட்விக் என்ற ஆங்கிலேய அதிகாரி 1842-இல் வெளியிட்ட சுகாதார அறிக்கையில் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. மான்செஸ்டரில் இறந்தவர்களின் சராசரி வயது என்ன என்பதை அது சொல்கிறது. கனவான்கள் குடும்பங்களில் 38, வணிகர் குடும்பங்களில் 20, கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 17. வயலும் மேய்ச்சல் நிலமுமாகக் கிடந்த ரட்லண்ட் மாவட்டத்திலோ, கூலிக்காரர் குடும்பத்திலேயே அது 38. இத்தனைக்கும் கூலி அதிகம் கிடைத்தது மான்செஸ்டரில்தான்.

வந்தேறிய இளவயதினர் நிறைந்த ஊரில் இப்படிக் கணக்கிட்டால் எண் சற்றுக் குறைந்தே வரும் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது கொடுமைதான். அந்த ஊரின் தொழிலாளர் வீடுகளில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் ஐந்து வயதைத் தாண்டவில்லை. சராசரியைக் கீழே இழுத்தது அந்தச் சிறு சவப்பெட்டிகளே.

இத்தனை சாவுக்கு நடுவிலும் மக்கள்தொகை பெருகியது. இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து 1801-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 89 லட்சம் பேர் இருந்தார்கள். 1851-இல் அது சுமார் 1 கோடியே 79 லட்சம். ஐம்பதே ஆண்டுகளில் இரண்டு மடங்கு. மருத்துவம் முன்னேறிச் சாவு குறைந்ததுதான் காரணம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. பழைய தேவாலயப் பதிவேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: முக்கியக் காரணம் கல்யாண வயது குறைந்தது. நிலமோ பட்டறையோ கைக்கு வரட்டும் என்று காத்திருந்த தலைமுறை போய், வாரக் கூலியை நம்பி இருபதுகளின் தொடக்கத்திலேயே குடும்பம் நடத்தத் துணிந்த தலைமுறை வந்தது. பிறப்பு கூடியது.

அப்படிப் பெருகியவர்கள் ஆலைப் புகை தெரிந்த திசையில் நடந்தார்கள். 1801-இல் சுமார் 75,000 பேர் இருந்த மான்செஸ்டரில் 1851-இல் மூன்று லட்சம் பேர். பிராட்ஃபோர்டு 13,000-லிருந்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவர்களோடு, அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்கக் கப்பலேறியவர்களும் சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? முதுகோடு முதுகு ஒட்டிய செங்கல் வரிசை வீடுகள்; பின்சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொது என்பதால் காற்று வர ஒரே பக்கம். அதுவும் கிடைக்காதவர்கள் தெருமட்டத்துக்குக் கீழே, தரை ஊறும் நிலவறைகளில் ஒண்டினார்கள். ஒரு முற்றத்தைச் சுற்றி இருந்த அத்தனை குடித்தனங்களுக்கும் ஓர் எடுப்புக் கக்கூஸ். பக்கத்தில் மெட்லாக் ஆறு ஆலைக் கழிவோடு கறுத்து ஓடியது. 1832-இல் காலரா வந்தபோது ஜேம்ஸ் கே என்ற மருத்துவர் இந்தத் தெருக்களில் நடந்து பார்த்ததை எழுதினார். பத்தாண்டுக்குப் பின் வந்த ஜெர்மானியச் சிந்தனையாளர் எங்கெல்ஸும் அதையே பார்த்தார், 1845-இல் நூலாக்கினார். ஆக, யாருக்கும் தெரியாமல் நடந்த அநியாயம் அல்ல இது. 

தெரிந்தும் ஏன் சரிசெய்யவில்லை என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. அன்றைய மருத்துவர்கள் நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்று தவறாக நினைத்தார்கள். ஆனால் அவர்கள் சொன்ன மருந்து சரியானது: நல்ல தண்ணீர், மூடிய சாக்கடை. அதைக் கட்டுவதற்கான பொறியியல் இருந்தது, பணமும் ஊரிலேயே இருந்தது. இல்லாதது அதிகாரம். நாடாளுமன்றத்தில் மான்செஸ்டருக்கு 1832 வரை ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. 1838 வரை முறையான நகரசபையும் கிடையாது. பிறகு வந்த நகரசபைகளில் வாக்கு வரி கட்டுபவர் கையில் இருந்தது. சிறு கடைக்காரரும் வீட்டுச் சொந்தக்காரரும் சாக்கடைக்காக வரி உயர்வதை விரும்பவில்லை. 1848-இன் பொதுச் சுகாதாரச் சட்டம், ஊர் தானாகக் கேட்டால் செய்யலாம் என்றது. கட்டாயப்படுத்த வேண்டுமானால் ஆயிரத்துக்கு 23 பேருக்கு மேல் ஆண்டுதோறும் சாக வேண்டும். இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய சாட்விக்கை 1854-இல் பதவியிலிருந்தே அகற்றிவிட்டார்கள்.

மாற்றம் வாக்குச் சீட்டோடு வந்தது. 1867-இல் நகரத் தொழிலாளர்களில் கணிசமானோருக்கு வாக்குரிமை கிடைத்தது. பர்மிங்காமில் 1873 முதல் 1876 வரை மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லைன், தனியார் தண்ணீர்க் கம்பெனியை நகரசபைக்கே வாங்கினார். 1875-இன் பொதுச் சுகாதாரச் சட்டம் சாக்கடையையும் தண்ணீரையும் உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. தொலைதூரத்துத் திர்ல்மியர் ஏரித் தண்ணீர் மான்செஸ்டரை 1894-இல் எட்டியது. அப்போதும் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 150 பேர் அளவில் முதல் ஆண்டிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். அந்த எண் உறுதியாக இறங்கியது 1900-க்குப் பிறகு.

தொழில் வளரட்டும், வசதி தானே பின்னால் வரும் என்பவர்கள் இங்கிலாந்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். முதல் நீராவி நூற்பாலைகள் எழுந்தது 1780-களில், கட்டாயச் சுகாதாரச் சட்டம் வந்தது 1875-இல். இடையில் மூன்று தலைமுறை. அந்த வசதி தானாக வரவில்லை, வரியும் வாக்கும் சட்டமும் சேர்ந்து இழுத்து வந்தன.

அந்த மான்செஸ்டர் ஆலைகளின் துணி நம் சந்தைகளுக்கு வந்து கைத்தறிக்காரர்களின் பிழைப்பில் கை வைத்தது நமக்குத் தெரியும். பின்னர் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாமே பெருமையோடு அழைத்தோம். கோவை வழியே ஓடும் அதே நொய்யல் ஆற்றின் கரையில், திருப்பூரின் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையை நிரப்பியது. கீழ்ப்பாசன விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். கழிவை ஆற்றில் விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011-இல்தான்.

உங்கள் ஊர்ப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால், எத்தனை பேருக்கு வேலை என்று கேளுங்கள். வேலைக்கு வருபவர்கள் எங்கே குடியிருப்பார்கள், குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும், அவர்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போகும் என்பதையும் அதே கூட்டத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.