கோட்டைப் படிகளும் எமது மண்டபப் படிகளும்

பேர்கன் நகருக்கு வரும் எம் உறவுகள் முதலில் காண விரும்புவது, துறைமுகக் கரையில் வரிசையாக நிற்கும் பிரிகன் மரவீடுகளையும் அவற்றை அடுத்துள்ள பேர்கன்கூஸ் கோட்டையையுமே. சக்கர நாற்காலியில் நடமாடும் நானும் சென்ற கோடையில் பிள்ளைகளுடன் அங்கு சென்றேன்.

1360ஆம் ஆண்டளவில் ஜேர்மனிய ஹன்சா வணிகர்கள் உலர்மீன் வணிகத்துக்காகத் தமது பணிமனையை நிறுவிய இடம் இது. 1702இல் பெருந்தீயில் எரிந்து, பழைய அமைப்பிலேயே மீளக் கட்டப்பட்டது. எஞ்சியுள்ள 62 கட்டடங்களை 1979இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது.

கரையோர வீதியில் எனக்குச் சிரமம் இல்லை. வீடுகளுக்கு இடையிலான ஒழுங்கைகளிலோ மேடுபள்ளமான பலகைகள் சக்கரத்தைத் தடுத்தன. 1560களில் எழுந்த ரோசன்கிரான்ஸ் கோபுரத்தின் குறுகிய கற்படிகளில் பிள்ளைகள் ஏறினர். நான் கீழே காத்திருந்தேன்.

பழைய கற்களோடு எனக்குப் பகையில்லை. பொது இடங்களில் அனைவருக்குமான வடிவமைப்பைக் கடமையாக்கிய நோர்வேச் சட்டம் 2009 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. 2018இன் சமத்துவச் சட்டத்திலும் அக்கடமை தொடர்கிறது. மரபுரிமைப் பாதுகாப்பும் அங்கே கருத்திற் கொள்ளப்படுகிறது. அது நியாயமே. ஆயினும், 1944 ஏப்ரல் 20இல் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துச் சிதைந்த ஹோக்கன் மண்டபம் திருத்தப்பட்டு 1961இல் மீண்டும் திறக்கப்பட்டது. இவ்வாறு மீள எழுந்த இடங்களில், பொருத்தமாக அமைக்கப்படும் ஒரு சாய்வுப்பாதை வரலாற்றைக் கெடுத்துவிடாது.

ஆனால் என்னை வருத்துவது கோட்டையன்று, எமது விழாக்களே. மாடியிலுள்ள மண்டபத்துக்கு நான்கு இளைஞர்கள் என்னை நாற்காலியோடு தூக்கிச் சென்றனர். அவர்களது அன்பை நான் மறவேன். எனினும், தூக்கிச் செல்லப்படுவது வேறு. தானாகச் செல்வது வேறு. விரும்பிய நேரத்தில் வீடு திரும்பவும் நான்கு பேரைத் தேட வேண்டியிருந்தது. போரில் கால் இழந்தோரும் முதுமையில் தளர்ந்த பெற்றோரும் நிறைந்த சமூகம் நாம். அவர்களுள் எத்தனை பேர், பிறருக்குச் சுமையாகக் கூடாதென்று வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர்?

கோபுரத்தைக் கட்டியவர்கள் எம்மை அறியார். மண்டபத்தைத் தெரிவுசெய்பவர்களோ எம்மை நன்கறிவர். ஆகவே பெற்றோரே, இளையோரே, அடுத்த விழாவுக்கு மண்டபம் பதியுமுன் வாடகையைக் கேட்பதற்கு முதல் இதைக் கேளுங்கள்: மின்தூக்கி உண்டா? சக்கர நாற்காலி நுழையும் மலசலகூடம் உண்டா? இல்லையெனில் வேறு மண்டபம் தேடுங்கள்.