வெப்ப சிகிச்சையும் வாட்ஸ்அப் இளநீரும்



சூடான இளநீர் குடித்தால் கேன்சர் செல்கள் செத்துவிடும் என்ற செய்தி உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை டாக்டரே சொன்னதாக அது பரவியது. அப்படி யாரும் சொல்லவில்லை என்று 2019இல் அந்த மருத்துவமனை மறுத்தது. ஆனாலும் நிற்கவில்லை.

அனுப்புகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் ஒருவருக்கு கேன்சர் என்று தெரிந்தால், எதையாவது செய்துவிட மாட்டோமா என்றுதானே மனசு தவிக்கும்?

வெப்பத்தைக் கொண்டு புற்றுநோயை எதிர்கொள்ளும் உண்மையான மருத்துவமும் இருக்கிறது. அதற்குப் பெயர் ஹைப்பர்தெர்மியா. கட்டி இருக்கும் இடத்தை மட்டும் மைக்ரோவேவ் அல்லது ரேடியோ அலைகளால் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருப்பார்கள்.

நல்ல திசுவில் ஓடும் ரத்தம் சூட்டைச் சீக்கிரம் வெளியே கொண்டுபோய்விடும். கட்டிக்குள் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்திருப்பதால் சூடு அங்கேயே தங்குகிறது. ஆக்ஸிஜன் குறைந்த பகுதிகளில் கதிர்வீச்சின் பலம் குறையும். அங்கே வெப்பம் கைகொடுக்கிறது. கதிர்வீச்சில் அடிபட்ட செல், தன் டி.என்.ஏ.வைச் சரிசெய்துகொள்வதையும் அது தடுக்கிறது. அதனால்தான் இது தனி சிகிச்சையாக இல்லாமல் கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் துணையாகத் தரப்படுகிறது.

பலன் உண்டா? நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. முற்றிய கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மட்டும் பெற்ற பெண்களில் 3 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 100க்கு 27 பேர். வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 பேர். நம் வீடுகளில் அம்மாக்களையும் அத்தைகளையும் பறித்துக்கொண்டு போகும் நோய் இது என்பதால், அந்த எண்களை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

ஆனால் அதன்பிறகு கதிர்வீச்சோடு கீமோவையும் சேர்ப்பதே வழக்கமாகிவிட்டதால், அந்த எண்களை இன்றைய சிகிச்சைக்கு அப்படியே பொருத்த முடியாது. உடம்பின் ஆழத்தில் உள்ள கட்டியைச் சீராகச் சூடாக்குவதும் சுலபமில்லை. அறுவை சிகிச்சையின்போது சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள் செலுத்தும் ஹைபெக் முறை சினைப்பைப் புற்றுநோயில் சிலருக்கு ஆயுளை நீட்டியது. பெருங்குடல் புற்றுநோயில், பிரான்ஸில் நடந்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லா கேன்சருக்கும் வெப்பம் மருந்தாகாது.

சூடான பானம் புற்றுநோயைக் கொல்லாது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோயே வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் எச்சரித்திருக்கிறது.

இதைவிட அவசரமான ஒன்று. கீமோ எடுத்துக்கொள்பவருக்குக் காய்ச்சல் வந்தால், 'சூட்டில் கேன்சர் சாகும்' என்று இருந்துவிடாதீர்கள். அவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். சாதாரணத் தொற்றும் உயிருக்கு ஆபத்தாகும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், நள்ளிரவானாலும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

வெப்ப சிகிச்சை என்று யாராவது விளம்பரம் செய்தால், உங்கள் கேன்சர் டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த வகைக் கேன்சருக்கு இது பலன் தரும் என்று ஆய்வு இருக்கிறதா? இப்போதுள்ள சிகிச்சையோடு சேர்த்தா, அதை நிறுத்திவிட்டா? விளம்பரம் செய்தவர் அதை நிறுத்தச் சொன்னால், அந்த இடத்தைவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்