தாராவிக் கணக்கும் விலையில்லா மென்பொருளும்

மும்பையில் தமிழர்கள் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் மும்பை தென் மத்திய மக்களவைத் தொகுதியில் அடங்கியவை. அத்தொகுதியின் உறுப்பினர் அவையில் எழுப்பத் தகுந்த கேள்வி ஒன்று உண்டு. மத்திய அரசின் நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் புள்ளியியல் மென்பொருள்களின் உரிமத்துக்காக ஆண்டுதோறும் செலுத்தும் தொகை எவ்வளவு?

அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும், அதைத் தவிர்த்தால் உரிய காரணம் கூறப்பட வேண்டும் என்று 2015 மார்ச்சில் மத்திய அரசு கொள்கை வகுத்தது. விதிவிலக்குகளும் அதிலேயே உள்ளன. நமது அலுவலகங்களில் விதியைவிட விதிவிலக்குக்கே ஆயுள் அதிகம்.

எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டேட்டா போன்றவை செய்யும் பணிகளில் பெரும்பகுதியைக் காசின்றிச் செய்து தரும் மென்பொருள்கள் நீண்ட காலமாகவே உள்ளன. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஆர்' மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு வெளியானது 2000-ல். பொருளாதார அளவியலுக்கென்றே உருவான 'கிரெட்டல்' மென்பொருளின் வித்து, கலிபோர்னியா பல்கலைக்கழக சான் டியகோ வளாகப் பேராசிரியர் ராமு ராமநாதன் எழுதிய நிரல். அதை அவர் பொது உரிமத்தில் வழங்கியதால்தான் மற்றவர்கள் வளர்த்தெடுக்க முடிந்தது. பத்து லட்சம் பேர்கூடப் பேசாத பாஸ்க் மொழியில் கிரெட்டலை இயக்கலாம். 2004-ல் செம்மொழித் தகுதி பெற்ற தமிழில் இயலாது.

தேசிய குடும்ப நல ஆய்வை நடத்துவது செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். 2019-21 ஆய்வில் 6,36,699 குடும்பங்களிடம் விவரம் திரட்டப்பட்டது. பெயர் நீக்கப்பட்ட மூலத் தரவு ஆய்வாளர்களுக்குக் கட்டணமின்றியே வழங்கப்பட்டு வந்துள்ளது. தரவுக்கு விலையில்லை, அதைத் திறக்கும் கருவிக்குத்தான் விலை. ஏழை மாணவன் கள்ளப் பிரதியைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

எனினும் விலையைவிடப் பெரிய விஷயம், கணக்கிட்ட முறையைப் பிறர் சரிபார்க்க முடிவதாகும். அரசின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்று 2010-ல் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் ஆகிய இரு அறிஞர்கள் எழுதினர். அதைக் காட்டியே பல நாட்டு அரசியல்வாதிகள் செலவுக் குறைப்பை நியாயப்படுத்தினர். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களுடைய கணக்குத் தாளைப் பெற்றுப் பார்த்தபோது, சராசரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தது உள்ளிட்ட பிழைகள் வெளிப்பட்டன. மைனஸ் 0.1 சதவீதம் எனக் காட்டப்பட்ட வளர்ச்சி, திருத்தியபின் 2.2 சதவீதம் ஆயிற்று. கணக்குத் தாள் கைக்குக் கிடைத்திராவிட்டால் அந்தப் பிழையே இன்றும் பாடமாகியிருக்கும்.

தாராவியில் பிரச்னை இதைவிட நெருக்கமானது. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான வீடு வீடான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து வசிக்கும் தரைத்தளக் குடும்பத்துக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்கு தாராவிக்கு வெளியே, ரூ.2.5 லட்சம் விலையில். மாடியில் குடியிருப்போருக்கு வேறு விதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தாத்தாவின் பேரன் எந்தப் பட்டியலில் விழுகிறான் என்பது ஓர் ஆவணத்தின் தேதியைப் பொருத்தது. எந்தச் சந்தில் எத்தனை பேர், எந்தக் காரணத்தால் தகுதி இழந்தனர் என்பதைப் பெயர் நீக்கிய தரவாக, கணக்கிட்ட நிரலோடு வெளியிட வேண்டும். தாராவியிலேயே பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. 'ஆர்' இறக்கப்பட்ட ஒரு பழைய கணினி போதும், அவர்களே சரிபார்த்துவிடுவர்.

பயிற்றுவிக்க ஆளில்லை என்ற சாக்கு எடுபடாது. பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், திறந்த மூல மென்பொருள் பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தருகிறது. அதற்கு நிதி அளித்ததும் மத்திய அரசே.

தாராவி மாநில விவகாரம் என்று மத்திய அமைச்சர் கைகழுவக்கூடும். ரயில்வே நிலமும் மத்திய அரசின் உப்பள நிலமும் அத்திட்டத்தில் சேர்ந்திருப்பதை உறுப்பினர் துணைக்கேள்வியில் நினைவூட்டலாம்.