கைத்துப்பாக்கியும் காப்புப் பூட்டும்

தற்காப்புக்கென்று தனி மனிதருக்கு வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளை மீளாய்வின் பொருட்டு ஒப்படைக்குமாறு 2024ஆம் ஆண்டின் இறுதியிலே பாதுகாப்பு அமைச்சு பணித்தது. யாருக்குத் துப்பாக்கி தேவை, யாருக்குத் தேவையில்லை என்று அரசாங்கம் ஆராய முற்பட்டது முறையே. ஆயின், தேவை உண்டென்று கண்டு அனுமதிப்பத்திரம் வழங்கும்போது, எத்தகைய துப்பாக்கியை, எத்தகைய பயிற்சியோடு ஒருவர் தரிக்க வேண்டும் என்பதும் ஆராயத்தக்கதன்றோ? அந்த ஆராய்ச்சியை நுவரெலியாவிலும் அட்டனிலும் வாழும் நம் மக்களின் நிலையிலிருந்து செய்ய விரும்புகின்றோம்.

துப்பாக்கி நமக்கு எதற்கு என்று வாசகர் பலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எனினும், கோவாவும் கரட்டும் லீக்சும் விற்ற பணத்தோடு இரவிலே மலைப்பாதையில் திரும்பும் வியாபாரிக்கும், நள்ளிரவில் அழைப்பு வந்தால் தனியே புறப்படும் வைத்தியருக்கும், பகையைத் தேடித்தரும் வழக்குகளை நடத்தும் சட்டத்தரணிக்கும், தோட்டத்துப் பெரிய துரைக்கும் அந்த எண்ணம் எழுவது இயல்பு. அவர்கள் இடுப்பிலே தரிக்கும் ஆயுதம் அவர்களோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அவர்களைச் சூழ நிற்கும் மக்களின் உயிரும் அதனோடு பிணைக்கப்பட்டிருக்கின்றது. ஆதலால் இது துப்பாக்கி உடையவரின் சொந்த விவகாரம் அன்று.

காப்புப் பூட்டு என்பது துப்பாக்கியின் பக்கத்திலே அமைந்த ஒரு சிறு நெம்பு. அதனை ஒரு நிலையில் வைத்திருந்தால், விசையை இழுத்தாலும் ரவை புறப்படாது. பெருவிரலால் மறுநிலைக்குத் தள்ளிய பின்னரே துப்பாக்கி வெடிக்கும். எல்லாக் கைத்துப்பாக்கிகளிலும் இது இருப்பதில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளின் இடுப்பிலே தொங்கிய வெப்லி ரிவோல்வரில் இது கிடையாது. குதிரையை முன்கூட்டியே இழுத்து வைக்காவிடின், அதன் விசையை வலிந்து நெடுக இழுக்க வேண்டும்; அந்தக் கடினமே போதிய காப்பு என்று கருதப்பட்டது. 1911ஆம் ஆண்டிலே அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டலிலோ, பெருவிரற் பூட்டும் இருந்தது. கைப்பிடியை இறுகப் பற்றினாலன்றி வெடிக்கவிடாத இன்னொரு பூட்டும் இருந்தது. 1982ஆம் ஆண்டிலே ஒஸ்திரிய இராணுவம் தெரிந்தெடுத்த குளொக் பிஸ்டலிலே பெருவிரற் பூட்டு நீக்கப்பட்டது. கீழே விழுந்தால் வெடிக்காதிருப்பதற்கான தடைகள் அதன் உள்ளே உண்டு. ஆயின் விசையை விரலால் இழுத்துவிட்டால் அதனைத் தடுப்பார் இல்லை. பின்னர், 2017ஆம் ஆண்டிலே அமெரிக்க இராணுவம் தெரிந்தெடுத்த சிக் சவர் பிஸ்டல் பெருவிரற் பூட்டோடு வந்தது. அதே நாட்டின் பொலிசாருள் மிகப் பலரோ பூட்டில்லாத குளொக்கையே தரிக்கின்றனர்.

இவ்வாறு துப்பாக்கியே தொழிலாகக் கொண்டவர்களிடையே இரு கட்சிகள் உள்ளன. பூட்டு வேண்டாம் என்போர் கூறுவது யாது? ஆபத்து வரும் கணத்திலே மனிதனின் கை நடுங்கும். நுண்ணிய வேலை அவன் விரலுக்கு வராது. பூட்டைத் திறக்க மறந்து வெறும் விசையை இழுத்தவாறே அவன் மாள்வான் என்பது. அன்றியும், பூட்டு உண்டென்ற நம்பிக்கையே அவனை அசட்டையாக்கிவிடும் என்றும் கூறுவர். பூட்டு வேண்டும் என்போர் கூறுவது யாது? துப்பாக்கியை உறையிலே திரும்ப வைக்கும்போது சட்டையின் ஓரமோ நாடாவோ விசையிலே சிக்கினால் வெடி தீரும். வேறொருவன் பறித்துக்கொண்டாலும் பூட்டிருந்தால் சில கணங்கள் கிடைக்கும். பிள்ளையின் கைக்குப் போய்விட்டாலும் உயிர் தப்ப ஒரு வழி இருக்கும் என்பது. இரு கூற்றிலும் உண்மை உண்டு.

இவ்விரண்டையும் நம் மலைநாட்டு நிலையோடு பொருத்திப் பார்ப்போம். நுவரெலியாவின் மார்கழிக் குளிரிலே விறைத்த பெருவிரல் சிறு நெம்பைத் தேடித் தடுமாறும் என்பது மெய். அதே குளிரில் விறைத்த சுட்டுவிரல், தான் விசையின்மீது கிடப்பதையே உணராது என்பதும் மெய். மழைக்கோட்டும் கம்பளிச் சட்டையும் அணிந்து திரிபவர்கள் நாம். உறைக்குள் சிக்கத்தக்க துணி நம்மிடம் அதிகம். பெரட்டுக் களத்திலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், சம்பள நாளில் தோட்டக் காரியாலய வாசலிலும், அட்டன் பஸ்ஸிலும், மாரியம்மன் தேர்த்திருவிழாவிலும் தோளோடு தோள் உரசி நிற்பவர்கள் நாம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயன் காம்பிராக்களிலே குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. தகரத்தையும் பலகையையும் துளைத்துச் செல்லும் ரவை அப்பால் உறங்கும் குழந்தையைப் பார்த்து விலகிச் செல்லாது. கள்வன் ஒருவன் எதிர்ப்படுவது வாழ்நாளில் ஒருமுறை நேரலாம், நேராமலும் போகலாம். கூட்டத்தினிடையே துப்பாக்கியோடு நிற்பது நாள்தோறும் நேர்வது. ஆகவே, மலையகத்திலே கைத்துப்பாக்கி தரித்தே ஆகவேண்டியவர் காப்புப் பூட்டு உள்ளதையே தரித்தல் வேண்டும் என்பது நமது முடிபு.

ஆனால், இம்முடிபோடு விவகாரம் தீர்ந்துவிடவில்லை. பூட்டைத் திறக்கப் பழகாதவனுக்கு அது ஆபத்து வேளையில் பகையாகும் என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. இராணுவத்தானுக்கும் பொலிஸ்காரனுக்கும் பயிற்சிக் களம் உண்டு. கட்டாயப் பயிற்சியும் உண்டு. அனுமதிப்பத்திரம் பெற்ற நம் வியாபாரியோ, வாங்கிய நாளிலே இரண்டு வெடி வெடித்துப் பார்த்ததோடு அலுமாரியில் வைத்துவிட்டவராக இருப்பின், அவர் நிலை என்ன? பூட்டிருந்தால் திறக்க மறப்பார். பூட்டில்லையேல் தம்மையோ அயலாரையோ சுட்டுவிடுவார். எவ்வகைத் துப்பாக்கியும் அவருக்குக் காப்பன்று. பழகுவதற்கு நேரமும் மனமும் இல்லாதவர், துப்பாக்கியைத் தரியாதிருப்பதே தமக்கும் பிறர்க்கும் செய்யும் நன்மையாகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டியுள்ளது. இரும்பிலே அமைத்த பூட்டு கைத்தவறைத் தடுக்கும். சுடவேண்டுமென்று துணிந்த மனத்தைத் தடுக்காது. மலையகம் இதனை அனுபவத்திலே கற்றது. 1940ஆம் ஆண்டு சனவரியிலே முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளருள் ஒருவரான கோவிந்தன் பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது; கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா அங்கே வாதாடினார். 1977ஆம் ஆண்டு மே மாதத்திலே தலவாக்கலை டெவன் தோட்டத்தில், காணி சுவீகரிப்பை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் பொலிசாரின் சூட்டிலே மாண்டார். எந்தப் பெருவிரற் பூட்டும் இவ்விருவரையும் காத்திராது. ஆயுதம் ஏந்தியவன் எதிரே நிற்பவனைத் தன்னையொத்த மனிதன் என்று கருதுவதும், சுட்ட ஒவ்வொரு ரவைக்கும் சட்டத்தின் முன் பதில் சொல்லவேண்டும் என்று அஞ்சுவதுமே அத்தகைய சாவுகளைத் தடுக்கவல்லன.

ஆதலின் அரசாங்கத்திடம் நாம் கேட்பவை இவை. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகும். அப்புதுப்பித்தல் வெறும் கட்டணம் கட்டும் சடங்காகாமல், துப்பாக்கியைக் கையாளும் திறமையை நேரிலே சோதிக்கும் தருணமாதல் வேண்டும். உறையிலிருந்து எடுத்தல், பூட்டைத் திறத்தல், சுடாது நிறுத்தல், மீண்டும் பூட்டி வைத்தல் ஆகிய நான்கிலும் தேறாதவருக்கு அனுமதி மறுக்கப்படல் வேண்டும். வீட்டிலே ரவை வேறாகவும் துப்பாக்கி வேறாகவும் பூட்டி வைக்கப்படுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். தோட்டத்திலே துப்பாக்கி தரிப்போர், பெரட்டுக்கும் சம்பளப் பேச்சுக்கும் வரும்போது அதனை உள்ளே பூட்டி வைத்துவிட்டு வருதல் வேண்டும். பேச்சுவார்த்தை மேசையிலே ஆயுதத்திற்கு இடமில்லை.

வாசகரிடம் நாம் கேட்பது ஒன்றே. கைத்துப்பாக்கிக்கு மனுச் செய்ய எண்ணும் வைத்தியரும் சட்டத்தரணியும் விவசாயியும் வியாபாரியும், மனுத்தாளில் கையெழுத்திடுமுன் தம் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுச் சுவரையும் ஒருமுறை நோக்குவார்களாக. பணத்தை வங்கியிலே இட்டு வெறுங்கையோடு திரும்பலாம். இருவராய்ச் சேர்ந்து பயணஞ் செய்யலாம். பொலிசாருக்கு முன்னரே அறிவிக்கலாம். இவை யாவும் பயன்படாத இடத்தில் மட்டும், பூட்டுள்ள துப்பாக்கியை, இடைவிடாது பழகிய கையிலே எடுப்பீராக.