கால் அங்குல வில்லங்கம்

வீட்டுக்குள் பூல் மேஜை வந்துவிட்டது, சரி. அதற்குப் பந்து எந்த அளவில் வாங்குவது?

ஈஜிபுராவில் ஹால் என்பது சோபாவும் டி.வி.யும் துணி காயும் ஸ்டாண்டும் இடத்துக்குச் சண்டை போடும் களம். பெங்களூரின் இந்தப் பகுதியில் இருபதுக்கு முப்பது அடி மனையில் மூன்று மாடி எழுப்பி வாடகைக்கு விட்ட வீடுகள் ஏராளம். அப்படியொரு வீட்டின் மேல்மாடிக்கு ஒரு பூல் மேஜையும் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கோரமங்களாவில் யாரோ வீட்டைக் காலி செய்யும்போது மலிவாகத் தள்ளிவிட்ட மேஜை. 16 பந்துகள் இருக்க வேண்டும், 11தான் வந்திருக்கின்றன. பார்லரில் ஆடிப் பழகிய பதினான்கு வயதுப் பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா புது செட் வாங்கக் கிளம்புகிறார்.

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே அவரைத் திணற அடிக்கிறது: "எந்த சைஸ் சார்?"

"சைஸா? சாதாரண சைஸ்தான்ப்பா, எல்லாரும் ஆடறது."

அங்கேதான் வில்லங்கம் ஆரம்பம். மேஜைப் பந்துகளில் 'சாதாரண சைஸ்' என்று ஒன்று கிடையாது.

அமெரிக்க பாணி பூல் ஆட்டத்துக்குரிய பந்தின் குறுக்களவு இரண்டேகால் அங்குலம், அதாவது 57.15 மி.மீ. எடை 156 முதல் 170 கிராம் வரை. பார்லர்களில் ஒன்று முதல் 15 வரை எண்ணும், பாதிப் பந்துகளில் பட்டையும் போட்டு உருளுவது இதுதான். ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் இரண்டுக்கும் 52.5 மி.மீ.; பழைய கணக்கில் இரண்டே மாகாணி அங்குலம். இங்கிலாந்தின் மதுக்கடைகளில் பிரபலமான, சிவப்பு மஞ்சள் பந்துகளைக் கொண்ட சிறிய பூல் மேஜைக்கு 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. பாக்கெட்டே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸுக்கு 61.5 மி.மீ. ரஷ்யர்களின் பிரமிட் ஆட்டத்துக்கு 68 மி.மீ. குழந்தைகளின் பொம்மை மேஜைகளோடு வருவது பெரும்பாலும் ஒன்றரை அங்குலப் பந்து.

கால் அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் உருண்டையின் எடை குறுக்களவைப் போல அல்ல, அதன் மும்மடிப் பெருக்கத்தைப் போலக் கூடுகிறது. ஒரே பொருளால் ஆன பந்துகளில், 2 அங்குலப் பந்தைவிட இரண்டேகால் அங்குலப் பந்து சுமார் 42 சதவீதம் கனம். கையில் எடுத்தால் சின்ன வித்தியாசம். மேஜையில் உருண்டால் வேறு ஆட்டம்.

மேஜையும் சும்மா கிடக்கும் பலகை அல்ல. ஒரு குறிப்பிட்ட பந்தை மனதில் வைத்தே அது கட்டப்படுகிறது. முக்கியமானது, சுற்றிலும் ஓடும் ரப்பர் குஷனின் உயரம். பூல் விதிகளின்படி குஷனின் மூக்கு, பந்தின் குறுக்களவில் ஏறத்தாழ 63.5 சதவீத உயரத்தில் இருக்க வேண்டும். பந்தின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே. இரண்டேகால் அங்குலப் பந்துக்கு இது சுமார் 36 மி.மீ.; 2 அங்குலப் பந்துக்கு சுமார் 32 மி.மீ.

இப்போது ஈஜிபுரா மாடிக்குத் திரும்பலாம். அப்பா பார்லரில் பார்த்த ஞாபகத்தில் பெரிய பந்துகளையே வாங்கி வந்துவிட்டார். மேஜையோ இங்கிலாந்து பாணி. முதல் ஆட்டத்திலேயே பையன் கத்துகிறான்: "அப்பா, வேகமா அடிச்சா பந்து துள்ளுதுப்பா!"

துள்ளத்தான் செய்யும். 32 மி.மீ. உயரக் குஷன் பெரிய பந்தை அதன் நடுவை ஒட்டியே தொடுகிறது. பந்தை அழுத்திப் பிடிக்க மேலே ரப்பர் போதாது. வேகமாக வரும் பந்து மேஜையைத் தாண்டித் தரையில் விழுந்து கீழ்வீட்டுக்காரரை மேலே வரவழைக்கும். நேர்மாறாகச் செய்திருந்தால், அதாவது உயரக் குஷன் மேஜையில் சின்னப் பந்தை உருட்டியிருந்தால், குஷன் பந்தின் தலையில் அழுத்தித் துணியோடு சேர்த்து அமுக்கும். திரும்பி வர வேண்டிய பந்து சோர்ந்து நின்றுவிடும். ரப்பர் செத்துவிட்டது என்று நினைத்துக் குஷனையே மாற்றச் செலவு செய்தாலும் பலன் இருக்காது. நோய் ரப்பரில் இல்லை, பந்தில்.

அடுத்தது பாக்கெட். போட்டிக்கான 9 அடி அமெரிக்க மேஜையில் மூலைப் பாக்கெட்டின் வாய் நாலரை அங்குலம் அல்லது அதைவிடச் சற்றே கூடுதல். இரண்டு பந்துகள் ஒட்டி உட்காரும் அகலம். வீட்டு மேஜைகளில் இன்னும் தாராளமாகவும் இருக்கும். இங்கிலாந்து பாணி மேஜைகளில் வாய் குறுகல். இரண்டு பந்துகள் சேர்ந்து நுழைய முடியாது. குறுகிய பாக்கெட்டில் பெரிய பந்து விழலாம். ஆனால் உள்ளே பந்து உருண்டுவரும் தடம் இருந்தால் அங்கே சிக்கிக்கொள்ளும். அகலமான பாக்கெட்டில் ஸ்னூக்கர் பந்தைப் போட்டு ஆடினால் எல்லாமே உள்ளே போகும். வீட்டில் புலி ஆகலாம். பிறகு கிளப்புக்குப் போனால்தான் தெரியும், இத்தனை நாள் பழகியது குறி அல்ல, பாக்கெட்டின் தாராளம் என்று.

பந்துகளை அடுக்கும் முக்கோணச் சட்டத்துக்கும் இதே கதி. பெரிய பந்துக்கான சட்டத்தில் 2 அங்குலப் பந்துகளை அடுக்கினால் ஒரு பக்கத்தில் 3 செ.மீ.க்கு மேல் காலி இடம் விழும். பந்துகள் ஒன்றையொன்று இறுக்கித் தொடாது. முதல் அடியில் சிதற வேண்டிய கூட்டம், பந்த் நாளில் பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல் அங்கேயே நிற்கும். கோலின் நுனியும் மாறுகிறது. அமெரிக்கப் பூலுக்கு சுமார் 13 மி.மீ.; ஸ்னூக்கருக்கு 9 முதல் 10 மி.மீ.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது வெள்ளைப் பந்து. காசு போட்டு ஆடும் மேஜைகளில் மற்றப் பந்துகள் விழுந்தால் உள்ளேயே தங்கும். வெள்ளை மட்டும் திரும்பி வர வேண்டும். மேஜை அதை எப்படி அடையாளம் காணும்? இங்கிலாந்து பாணி மேஜைகளில் வெள்ளையை அரைக்கால் அங்குலம் சின்னதாக்கினார்கள்: சுமார் 47.6 மி.மீ. அமெரிக்காவில் பழைய மேஜைகள் சிலவற்றில் அரைக்கால் அங்குலம் பெரிதாக்கினார்கள். வேறு சிலவற்றில் காந்தம் கண்டறியும்படி பந்துக்குள் உலோகம் வைத்தார்கள்.

விளைவு ஆட்டத்தில் தெரியும். கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் காயைவிடக் கனமாக இருப்பதால்தான் காயைத் தள்ளிவிட்டு மேலே ஓடுகிறது. லேசான ஸ்டிரைக்கரால் ஆடிப் பார்த்தவர்களுக்கு அது மோதிவிட்டுப் பின்வாங்குவது தெரியும். இங்கேயும் அதே கதை. அரைக்கால் அங்குலம் சின்ன வெள்ளை, மற்றப் பந்துகளைவிட ஏறத்தாழ 18 சதவீதம் லேசு. பின்னால் இழுப்பது சுலபம், முன்னால் தொடர்வது கஷ்டம். பெரிய வெள்ளை ஏறத்தாழ அதே அளவு கனம். அதை இழுத்து நிறுத்துவதற்குள் மணிக்கட்டு நோகும். உள்ளே தடம் இல்லாத சாதாரண வீட்டு மேஜைக்கு இந்த வித்தைகள் எதுவும் தேவையில்லை. வெள்ளையும் மற்றவையும் ஒரே அளவு, ஒரே எடை என்பதுதான் நல்லது.

அப்படியானால் அளப்பது எப்படி? வெர்னியர் காலிப்பர் இல்லாத வீட்டிலும் தையல்காரரின் டேப் இருக்கும். பந்தின் நடு இடுப்பைச் சுற்றி அளந்தால் போதும். சுற்றளவு 18 செ.மீ. என்றால் அமெரிக்கப் பூல் பந்து. பதினாறரை என்றால் ஸ்னூக்கர். 16 என்றால் இங்கிலாந்து பூல். 15 என்றால் அதன் சின்ன வெள்ளை. 12 என்றால் பொம்மை மேஜைப் பந்து. பிறகு துணியிலிருந்து குஷன் மூக்கின் உயரத்தை ஸ்கேலால் அளந்து 0.635ஆல் வகுத்தால், அந்த மேஜை எந்தப் பந்தைக் கேட்கிறது என்று உத்தேசமாகத் தெரியும். 36 மி.மீ. என்றால் பெரிய பந்து. 32 என்றால் 2 அங்குலம். ஸ்னூக்கர் பந்துக்கான மேஜை இரண்டுக்கும் நடுவில், 2 அங்குலத்தை ஒட்டி நிற்கும் என்பதால் அங்கே பாக்கெட்டின் வாயையும் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

உடைந்ததற்கும் தொலைந்ததற்கும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பது தவறான சிக்கனம். பழைய பந்துகள் தேய்ந்திருக்கும். புதியது கனமாக இருக்கும். ஸ்னூக்கர் விதி ஒரே செட்டில் பந்துக்குப் பந்து 3 கிராமுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. சமையலறை எலெக்ட்ரானிக் தராசே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருளையும் கேட்டு வாங்க வேண்டும். பினாலிக் ரெசின் பந்துகள் விலை கூடுதல். ஆனால் பாலியஸ்டர் பந்துகளைவிட நீண்டகாலம் உழைக்கும், வட்டம் மாறாது. பெல்ஜியத்தின் சலூக் நிறுவனம் தயாரிக்கும் அராமித் பந்துகள் இந்த ரகம்.

ஒரு காலத்தில் இந்த அக்கறை யானைகளின் உயிரோடு விளையாடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல பந்து என்றால் தந்தப் பந்து. ஒரு தந்தத்தில் ஒரு சில பந்துகளே தேறும். தந்தம் கிடைப்பது அரிதாக, 1863இல் அமெரிக்கப் பில்லியர்ட்ஸ் வியாபாரிகள் மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தார்கள். அந்தத் தேடலில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹயாட் உருவாக்கியதுதான் செல்லுலாய்டு. பின்னால் சினிமாச் சுருளாகவும் மாறிய அந்தப் பொருளின் பூர்வீகம் ஒரு பந்து.

இந்தியாவுக்கும் இதில் பாத்தியதை உண்டு. ஸ்னூக்கர் பிறந்தது 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் என்றும், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி உருவாக்கினார் என்றும் சொல்லப்படுகிறது. அதற்கு விதிமுறை எழுதி மாட்டியது 1880களில் ஊட்டி கிளப். 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். அர்விந்த் சாவூரிடம் பெங்களூரில் பயின்ற பங்கஜ் அத்வானி 2003இல் சீனாவில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தைக் கைப்பற்றியபோது வயது 18. பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலும் மாறி மாறி அவர் பட்டம் குவிக்க முடிந்ததற்குத் திறமைதான் காரணம். ஆனால் இரண்டு ஆட்டத்துக்கும் பந்தின் அளவு ஒன்றே என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே பிள்ளைக்குப் பந்து வாங்கும் அப்பா கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. மேஜை எந்தப் பந்துக்குக் கட்டப்பட்டது? பிள்ளை வெளியே எந்த ஆட்டம் ஆடப்போகிறான்? இரண்டுக்கும் பதில் ஒன்றானால் அதிர்ஷ்டம். வேறு வேறானால் மேஜையின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். தவறான பந்தால் தினமும் பழகுவதைவிட, சரியான பந்தால் வேறு ஆட்டம் பழகுவது மேல். கண்ணுக்கும் கைக்கும் படியும் ஒழுங்கு எந்த மேஜைக்கும் உதவும்.

ஈஜிபுரா அப்பா பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குக் கிளம்புகிறார். இந்த முறை சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு: குஷன் 32, பாக்கெட் வாய் 82, எல்லாம் மி.மீ. பையனும் கூடவே புறப்படுகிறான், கையில் அம்மாவின் தையல் டேப்போடு.

"எந்த சைஸ் சார்?" என்று கேட்டால் இனி திணற வேண்டியதில்லை.